சுதந்திரம், அரசு, தத்துவவாதிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹாப்ஸ், லாக், மாண்டெஸ்க்யூ, ரூசோ, மில் என்று பாடப்புத்தகத்தில் பெயர்கள் வரிசையாக வரும். தேர்வு முடிந்ததும் மறந்தும் போகும். ஆனால் ஓட்டுப் போடுவது, அரசைத் திட்டி எழுதுவது, போலீஸ் பிடித்தால் காரணம் கேட்பது என இன்று நாம் சாதாரணமாக நினைக்கும் பல விஷயங்களில் இவர்கள் எழுதியதன் தடம் இருக்கிறது. இதைப் பற்றிப் பேசும்போது திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு, எனக்குத் தெரிந்தவரை இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

தத்துவவாதிகள் எழுதினார்கள், அதனால் உலகம் மாறியது என்று சொல்வது சரியா?

பாதிதான் சரி. மக்களைத் தெருவுக்கு இழுத்து வந்தவை வரியும், ரொட்டி விலையும், போருக்காக அரசர்கள் வாங்கிக் குவித்த கடனும்தான். 1788 ஜூலையில் பிரான்ஸில் பெரும் ஆலங்கட்டி மழை பெய்து விளைச்சல் நாசமானது. அடுத்த ஆண்டு வெடித்த பிரெஞ்சுப் புரட்சியில் எந்தப் புத்தகத்தையும் விட அதற்குப் பங்கு அதிகம் என்று வாதாடலாம்.

ஆனால் பஞ்சமும் கலகமும் எல்லாக் காலத்திலும் இருந்தவை. முன்பு கலகம் செய்தவர்கள் பெரும்பாலும் வரியைக் குறை என்றோ கெட்ட அமைச்சரை நீக்கு என்றோ கேட்டார்கள். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் எழுதி வைத்த அரசியலமைப்பைக் கேட்டார்கள். கோபம் வயிற்றிலிருந்து வந்தது. என்ன கேட்பது என்பதை அந்தப் புத்தகங்கள் சொல்லிக்கொடுத்தன.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். இந்த எழுத்தாளர்கள் எல்லா மனிதருக்கும் உரிமை உண்டு என்று எழுதியபோது, பெரும்பாலான மனிதர்கள் அவர்கள் கணக்கிலேயே இல்லை. பெண்கள் இல்லை, அடிமைகள் இல்லை, காலனி நாட்டவர்கள் இல்லை. அப்படி விடுபட்டவர்கள் அதே வரிகளைப் பிடித்துக்கொண்டு "அப்படியானால் நாங்கள்?" என்று கேட்டதுதான் இந்த வரலாற்றின் உயிர்நாடி என்று நான் நினைக்கிறேன்.

ஹாப்ஸ் சர்வாதிகாரத்தை ஆதரித்தவர்தானே? அவரை ஏன் இந்த வரிசையில் சேர்க்கிறார்கள்?

ஆதரித்தார் என்பது உண்மை. அவர் எழுதிய காலத்தையும் பார்க்க வேண்டும். இங்கிலாந்தில் 1642-ல் உள்நாட்டுப் போர் வெடித்தது. 1649 ஜனவரி 30 அன்று அரசர் முதலாம் சார்லஸின் தலை பொதுமக்கள் முன்னிலையில் வெட்டப்பட்டது. ஹாப்ஸ் 1640-லேயே பாரிஸுக்குத் தப்பி ஓடியிருந்தார். அங்கிருந்து எழுதிய 'லெவியாத்தன்' 1651-ல் வந்தது. அரசு என்ற ஒன்று இல்லாவிட்டால் மனித வாழ்க்கை தனிமையும் வறுமையும் கொடூரமும் நிறைந்ததாக, சீக்கிரமே முடிந்துவிடுவதாக இருக்கும் என்றார். அதனால் எல்லோரும் சேர்ந்து ஒருவரிடம் அதிகாரத்தை ஒப்படைத்துவிட்டு அடங்கி இருப்பதே மேல் என்ற முடிவுக்கு வந்தார்.

அவர் வந்து சேர்ந்த முடிவு பிற்போக்கானது. போன வழி புதிது. அரசரின் அதிகாரம் கடவுள் தந்தது என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், அது மனிதர்கள் தங்களுக்குள் செய்துகொண்ட உடன்பாட்டிலிருந்து வருகிறது என்று சொல்லிவிட்டார். மக்கள் கொடுத்தது என்றால் மக்கள் திரும்ப எடுக்கவும் முடியுமே என்ற கேள்வி அடுத்து வந்தே தீரும். அரசரின் பக்கம் நின்றவர்களுக்கும் ஹாப்ஸ் மேல் நம்பிக்கை வரவில்லை. 1683-ல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் அவர் நூல்களை எரிக்க உத்தரவிட்டது.

அப்படியானால் லாக் புதிதாக என்ன சொன்னார்?

அந்த அடுத்த கேள்விக்குப் பதில் சொன்னார். உயிர், சுதந்திரம், உடைமை இவற்றைக் காப்பதற்காகத்தான் மக்கள் அரசை ஏற்படுத்துகிறார்கள். அரசே அவற்றைப் பறிக்க ஆரம்பித்தால் அது தன் தகுதியை இழக்கிறது, மக்கள் அதை மாற்றலாம் என்றார்.

இன்று இது சாதாரணமாகத் தெரியும். அன்று இதை எழுதுவது எவ்வளவு ஆபத்து என்பதற்கு ஒரு வழக்கைப் பார்க்கலாம். 1683-ல் ஆல்ஜெர்னன் சிட்னி என்பவர் மீது லண்டனில் ராஜத்துரோக வழக்கு நடந்தது. சட்டப்படி இரண்டு சாட்சிகள் வேண்டும். கிடைத்தது ஒரே சாட்சி. சிட்னியின் வீட்டில் கைப்பற்றிய, அச்சாகாத கையெழுத்துப் பிரதி ஒன்றையே இரண்டாவது சாட்சியாக எடுத்துக்கொண்டார் நீதிபதி ஜெஃப்ரிஸ். அரசரின் அதிகாரம் மக்களிடமிருந்து வருகிறது என்று அதில் எழுதியிருந்தது. எழுதுவதும் ஒரு செயல்தான் என்பது அவர் தந்த விளக்கம். அந்த டிசம்பரில் சிட்னியின் தலை போனது.

அதே ஆண்டு லாக் ஹாலந்துக்குத் தப்பினார். ஆட்சி மாறிய பிறகு, 1689-ல்தான் திரும்பினார். அந்த ஆண்டு வெளிவந்த 'அரசாங்கம் பற்றிய இரண்டு ஆய்வுரைகள்' நூலில் ஆசிரியர் பெயரே கிடையாது. 1704-ல் இறக்கும் தறுவாயில், உயிலில் சேர்த்த ஒரு குறிப்பில்தான் அது தன்னுடையது என்று ஒப்புக்கொண்டார். 72 வயதில்! சிட்னியின் கதையைத் தெரிந்தவர்களுக்கு இந்த எச்சரிக்கை புரியும்.

1776 ஜூலை 4 அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தில் ஜெஃபர்சன் எழுதியவற்றில் லாக்கின் வாதம் கிட்டத்தட்ட அப்படியே இருக்கிறது. உடைமை என்ற இடத்தில் மகிழ்ச்சியைத் தேடும் உரிமை என்று போட்டது முக்கியமான மாற்றம்.

லாக்கே அடிமை வணிகத்தில் பணம் போட்டவர் என்கிறார்களே?

உண்மைதான். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளை ஏற்றிச் சென்ற ராயல் ஆப்பிரிக்கன் கம்பெனியில் அவருக்குப் பங்கு இருந்தது. கரோலினா காலனியின் உரிமையாளர்களுக்குச் செயலாளராகவும் இருந்தார். 1669-ல் அந்தக் காலனிக்காக எழுதப்பட்ட சாசனத்தில், சுதந்திர மனிதன் ஒவ்வொருவனுக்கும் தன் கறுப்பின அடிமைகள் மீது முழு அதிகாரம் உண்டு என்ற விதி இருக்கிறது. அதை உருவாக்கியதில் லாக்கின் பங்கு எவ்வளவு என்பதில் அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். அவருக்குத் தெரியாமல் நடந்தது என்று யாரும் சொல்வதில்லை. எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்று எழுதிய ஜெஃபர்சனும் தன் வாழ்நாளில் 600-க்கும் மேற்பட்டவர்களை அடிமைகளாக வைத்திருந்தார்.

அவர் காலம் அப்படி என்று சொல்லி இதைக் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை. அதே காலத்தில் அடிமை முறையை எதிர்த்தவர்கள் இருந்தார்கள். அதற்காக அந்த நூல்களைத் தூக்கி எறியவும் வேண்டியதில்லை. அடிமைப்பட்டவர்களே அவற்றைத் தூக்கி எறியவில்லை, எடுத்துப் பயன்படுத்தினார்கள். அது கீழே வருகிறது.

அதிகாரப் பிரிவினை என்பது நடைமுறையில் என்ன?

சட்டம் இயற்றுபவர், அதை நிறைவேற்றுபவர், அதன்படி தீர்ப்புச் சொல்பவர் என்று மூன்று கைகள். மூன்றும் ஒரே ஆளிடம் இருந்தால் சுதந்திரம் இருக்காது என்று மாண்டெஸ்க்யூ 1748-ல் 'சட்டங்களின் ஆன்மா' நூலில் எழுதினார். அவரே போர்தோ நகரில் நீதிபதி பதவியில் இருந்தவர். இங்கிலாந்தில் தங்கி அங்குள்ள முறையைப் பார்த்தவர்.

அவர் நாட்டு நிலைமை என்னவென்றால், அரசர் முத்திரையிட்ட ஒரு கடிதம் போதும். விசாரணை இல்லை, காரணம் சொல்ல வேண்டியதில்லை, எத்தனை நாள் என்று கேட்க முடியாது. பாஸ்டில் சிறைக்குள் தள்ளிவிடலாம். 1717-ல் இளைஞராக இருந்த எழுத்தாளர் வால்டேர் ஏறக்குறைய ஓராண்டு அங்கே அடைபட்டிருந்தார்.

இந்தியாவில் இந்தப் பிரிவினை முழுமையாக இல்லை. பிரதமரும் அமைச்சர்களும் நாடாளுமன்றத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்கள், அமெரிக்க அதிபர் அப்படி இல்லை. நம்மிடம் கறாராக இருக்க வேண்டியது நீதித்துறைக்கும் நிர்வாகத்துக்கும் இடையிலான கோடு. அரசியலமைப்பின் 50ஆவது பிரிவு இதற்கென்றே இருக்கிறது.

பிரெஞ்சுப் புரட்சிக்குக் காரணம் ரூசோவா?

காரணம் என்று சொல்ல மாட்டேன். ரூசோவின் 'சமூக ஒப்பந்தம்' 1762-ல் வந்தது. அவர் பிறந்த ஜெனீவாவிலேயே எரிக்கப்பட்டது. புரட்சிக்கு முன்பு மக்கள் விழுந்து விழுந்து படித்தது அவருடைய நாவலைத்தான். புரட்சி தொடங்கிய பிறகுதான் 'சமூக ஒப்பந்தம்' எல்லோர் கையிலும் வந்தது.

ஆனால் 1789 ஆகஸ்ட் 26 அன்று ஏற்ற மனித உரிமைப் பிரகடனத்தைப் பிரித்துப் பார்த்தால், சட்டம் என்பது பொது விருப்பத்தின் வெளிப்பாடு என்று 6ஆவது பிரிவில் ரூசோ பேசுகிறார். உரிமைகளுக்கு உத்தரவாதமும் அதிகாரப் பிரிவினையும் இல்லாத சமூகத்துக்கு அரசியலமைப்பே கிடையாது என்று 16ஆவது பிரிவில் மாண்டெஸ்க்யூ பேசுகிறார். இந்த இருவரும் ஒத்துப்போகிறவர்கள் இல்லை. பொது விருப்பம் எது என்று தனக்குத்தான் தெரியும் என ஒரு குழு சொல்ல ஆரம்பித்தால் என்ன ஆகும் என்பதை 1793, 1794-ல் கில்லட்டின் என்ற தலைவெட்டும் இயந்திரம் காட்டியது.

ரூசோவிடம் எனக்குப் பிடித்த இடம் வேறு. ஆங்கிலேயர்கள் தங்களைச் சுதந்திரமானவர்கள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் தேர்தல் நடக்கும்போது மட்டும்தான் அவர்கள் சுதந்திரமானவர்கள், அது முடிந்ததும் அடிமைகள் என்கிறார். அதற்கு இன்னும் யாரிடமும் நல்ல பதில் இல்லை.

"உன் கருத்தை நான் ஏற்கவில்லை, ஆனால் அதைச் சொல்லும் உன் உரிமைக்காக உயிரையும் கொடுப்பேன்" என்றது வால்டேர்தானே?

இல்லை. ஈவ்லின் பியாட்ரிஸ் ஹால் என்ற ஆங்கில எழுத்தாளர் 1906-ல் வால்டேரின் மனப்போக்கை விளக்கும்போது எழுதிய வாக்கியம் அது. படித்தவர்கள் வால்டேரே சொன்னதாக எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.

வால்டேர் செய்த காரியம் அந்த வாக்கியத்தைவிடப் பெரியது. துலூஸ் நகரில் ழான் கலாஸ் என்ற துணி வியாபாரி இருந்தார், புராட்டஸ்டன்ட். 1761 அக்டோபரில் அவர் மகன் வீட்டில் பிணமாகக் கிடந்தான். கத்தோலிக்க மதத்துக்கு மாறப்போகிறான் என்பதால் அப்பாவே கொன்றுவிட்டார் என்று ஊர் பேசியது, நீதிமன்றமும் அதையே நம்பியது. 1762 மார்ச் 10 அன்று கலாஸைச் சக்கரத்தில் கட்டி எலும்புகளை முறித்துக் கொன்றார்கள். கடைசிவரை அவர் குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை. வால்டேருக்கு அவரைத் தெரியாது. விசாரித்து, கடிதம் எழுதி, நூல் எழுதி, செல்வாக்குள்ளவர்களைத் தொந்தரவு செய்து, மூன்று ஆண்டுகள் விடாமல் போராடினார். 1765-ல் கலாஸ் குற்றமற்றவர் என்று தீர்ப்பானது. செத்தவர் திரும்பவில்லை. ஆனால் ஒரு நீதிமன்றத் தீர்ப்பைப் பொதுமக்களின் கருத்து மாற்ற வைக்க முடியும் என்று ஐரோப்பா கண்கூடாகப் பார்த்தது.

சித்திரவதையை எதிர்த்து முதலில் எழுதியது யார்?

முதல் ஆள் என்று ஒருவரைச் சொல்ல முடியாது. அதிகம் சாதித்தவர் மிலான் நகரத்து செசாரே பெக்காரியா. 1764-ல், 26 வயதில், பெயர் போடாமல் ஒரு சிறிய நூல் வெளியிட்டார். வலி தாங்கத் தெரிந்த குற்றவாளி தப்பிக்கிறான், தாங்க முடியாத அப்பாவி ஒப்புக்கொள்கிறான் என்றார். லாக்கப் மரணச் செய்திகளைப் படிக்கும் யாருக்கும் அந்த வரி உறைக்கும். மரண தண்டனையையும் அதே நூலில் எதிர்த்தார். 1786-ல் இத்தாலியின் டஸ்கனி அதை ஒழித்தது.

பெண்களும் அடிமைகளும் இந்த உரிமைக்குள் எப்போது வந்தார்கள்?

அவர்களாகவே வந்தார்கள், யாரும் அழைக்கவில்லை.

1791-ல் ஒலாம்ப் தெ கூஜ் என்ற நாடக ஆசிரியை, ஆண்களின் 1789 பிரகடனத்தை வரிசைப்படி எடுத்துக்கொண்டு பெண் உரிமைப் பிரகடனம் ஒன்றை எழுதினார். தூக்குமேடை ஏறும் உரிமை பெண்ணுக்கு உண்டென்றால், பேச்சுமேடை ஏறும் உரிமையும் உண்டு என்று அதில் எழுதினார். 1793 நவம்பரில் அவரை கில்லட்டினுக்கு அனுப்பினார்கள். பிரெஞ்சுப் பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்தது 1944-ல். இங்கிலாந்தில் மேரி வோல்ஸ்டன்கிராஃப்ட் 1792-ல் எழுதிய நூல், பெண்களுக்கு அறிவு குறைவு என்ற பேச்சை நேராக எதிர்கொண்டது: படிக்க விடாமல் வைத்துவிட்டு அறிவில்லை என்றால் என்ன நியாயம்? 1848-ல் அமெரிக்காவின் செனிகா ஃபால்ஸில் கூடியவர்கள் ஜெஃபர்சனின் வாக்கியத்தையே எடுத்து, எல்லா ஆண்களும் பெண்களும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்று திருத்தினார்கள். 68 பெண்களும் 32 ஆண்களும் கையெழுத்துப் போட்டார்கள்.

அடிமைகள் விஷயத்தில் பார்க்க வேண்டியது ஹைட்டி. அன்று அது செயின்ட் டொமிங் என்ற பிரெஞ்சுக் காலனி. சர்க்கரை, காபித் தோட்டங்களில் சுமார் 5 லட்சம் அடிமைகள். 1791 ஆகஸ்டில் அவர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். பாரிஸில் மனித உரிமைப் பிரகடனம் வந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. அது தோட்டங்களுக்குப் பொருந்தாது என்பது தோட்ட முதலாளிகளின் வாதம். அந்தத் தீவிலிருந்து பாரிஸ் மன்றத்துக்குப் பிரதிநிதியாக வந்தவர்களில் ஒருவர் ழான்-பாப்டிஸ்ட் பெல்லே. ஆப்பிரிக்காவில் பிறந்து, அடிமையாக விற்கப்பட்டு, பிறகு விடுதலை பெற்றவர். அவர்கள் மன்றத்தில் இடம்பெற்ற மறுநாளே, 1794 பிப்ரவரி 4 அன்று, பிரெஞ்சுக் காலனிகளில் அடிமை முறையை ஒழித்து மன்றம் தீர்மானம் போட்டது. பெல்லேயின் ஓவியம் ஒன்று வெர்சாய் அரண்மனையில் இருக்கிறது. அடிமை முறையைக் கண்டித்த நூலை வெளியிட்ட ரேனால் என்ற சிந்தனையாளரின் மார்பளவுச் சிலை மீது சாய்ந்து, பிரதிநிதிக்குரிய மூவண்ணக் கச்சையுடன் நிற்கிறார்.

1802-ல் நெப்போலியன் அடிமை முறையைத் திரும்பக் கொண்டுவந்தார். தீவின் தலைவர் துசேன் லூவெர்த்யூரைக் கைது செய்து பிரான்ஸுக்குக் கொண்டுபோனார்கள். 1803-ல் ஒரு குளிர்ந்த மலைக்கோட்டைச் சிறையில் இறந்தார். ஆனாலும் தீவு மக்கள் பிரெஞ்சுப் படையைத் தோற்கடித்து 1804 ஜனவரி 1 அன்று ஹைட்டியைத் தனிநாடாக அறிவித்தார்கள். 1825-ல் பிரான்ஸ் போர்க்கப்பல்களை அனுப்பி, தோட்ட முதலாளிகளின் நஷ்டத்துக்காக 15 கோடி ஃப்ராங்க் கேட்டது. அடிமையாக இருந்தவர்கள் தங்கள் விடுதலைக்குத் தாங்களே விலை கொடுத்தார்கள். பிறகு தொகையைக் குறைத்தாலும் அந்தக் கடன் 20ஆம் நூற்றாண்டு வரை நாட்டை அரித்தது. பள்ளிப் பாடங்களில் அமெரிக்காவும் பிரான்ஸும் பக்கம் பக்கமாக வருகின்றன. மனித உரிமையை உண்மையிலேயே மனிதர் எல்லோருக்கும் என்று எடுத்துக்கொண்ட ஹைட்டிக்கு ஒரு பத்தியாவது கொடுக்கக் கூடாதா?

மில் சொன்ன சுதந்திரம் இந்தியர்களுக்கும் சேர்த்தா?

இல்லை என்று அவரே எழுதியிருக்கிறார். ஜான் ஸ்டுவர்ட் மில் 17 வயதில், 1823-ல், கிழக்கிந்தியக் கம்பெனியின் லண்டன் அலுவலகத்தில் சேர்ந்து 1858 வரை வேலை பார்த்தவர். மறு ஆண்டு 'சுதந்திரம் பற்றி' வெளியானது. பிறருக்குத் தீங்கு வராமல் தடுப்பதற்காக மட்டுமே ஒருவர் மீது சமூகம் அதிகாரம் செலுத்தலாம் என்ற புகழ்பெற்ற கொள்கை அதில்தான் வருகிறது. உலகமே ஒரு பக்கம், ஒரே ஒருவர் மறுபக்கம் என்றாலும் அந்த ஒருவரின் வாயை அடைக்க உலகத்துக்கு உரிமை இல்லை என்ற வாதமும் அதில்தான். நாகரிகம் அடையாதவர்களை ஆள, அவர்களை முன்னேற்றும் நோக்கம் இருக்குமானால், எதேச்சாதிகாரம் ஏற்கத்தக்க முறைதான் என்ற வரியும் அதே நூலில் இருக்கிறது.

பெண்கள் விஷயத்தில் அவர் தன் காலத்தைவிட முன்னால் நின்றார். 1867-ல் பெண்களுக்கு ஓட்டுக் கேட்டு பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் திருத்தம் கொண்டுவந்தார். 73-க்கு 196 என்று தோற்றது. தன் மனைவி ஹாரியட் டெய்லரோடு சேர்ந்து யோசித்ததன் பலன் இது என்று அவரே மனமாரச் சொல்லியிருக்கிறார். ஒரு பக்கம் இவ்வளவு தெளிவு, இன்னொரு பக்கம் அந்த வரி. எனக்கு இது இன்றும் வலிக்கிறது.

நம் அரசியலமைப்பு பிரெஞ்சுப் புரட்சியிலிருந்து எடுத்ததா?

முகப்புரையில் சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் மூன்றும் இருப்பதால் வரும் கேள்வி. அம்பேத்கர் 1954-ல் வானொலி உரையில் இதற்குப் பதில் சொன்னார்: தன் தத்துவத்தைப் பிரெஞ்சுப் புரட்சியிலிருந்து கடன் வாங்கியதாக யாரும் சொல்ல வேண்டாம், புத்தரின் போதனையிலிருந்து பெற்றேன் என்றார்.

மேற்கத்திய நூல்களை அவர் கரைத்துக் குடித்தவர். 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் பேசும்போது, எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும் அவர் காலடியில் உங்கள் சுதந்திரத்தை வைத்துவிடாதீர்கள் என்ற எச்சரிக்கையை மில்லிடமிருந்துதான் எடுத்துச் சொன்னார். அரசியலில் பக்தி வந்தால் அது சர்வாதிகாரத்தில் கொண்டுபோய் விடும் என்றும் சேர்த்தார். இந்தியர்களுக்குச் சுதந்திரம் இப்போது வேண்டாம் என்றவரின் வார்த்தை, சாதியின் அடித்தட்டில் வைக்கப்பட்ட ஒருவர் வாயிலிருந்து, சுதந்திர இந்தியாவின் சபையில் ஒலித்தது. வியட்நாமிலும் இதுதான் நடந்தது. 1945 செப்டம்பர் 2 அன்று ஹனோயில் ஹோ சி மின் தன் பேச்சை அமெரிக்க, பிரெஞ்சுப் பிரகடனங்களை மேற்கோள் காட்டித் தொடங்கினார். பிரெஞ்சு ஆட்சியை எதிர்த்து அவர்கள் வாசகத்தையே வைத்தார்.

இவையெல்லாம் ஏட்டில் இருந்தால் போதுமா?

போதாது என்பதற்கு 1976 சாட்சி. நெருக்கடி நிலையின்போது விசாரணையின்றி அடைக்கப்பட்டவர்கள் ஆட்கொணர்வு மனு போட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. ஒரு போலீஸ்காரர் சொந்தப் பகையால் ஒருவரைக் கொன்றுவிட்டால்கூட நீதிமன்றத்தில் பரிகாரம் கிடையாதா என்று நீதிபதி எச்.ஆர்.கன்னா கேட்டார். நெருக்கடி நிலை நீடிக்கும்வரை கிடையாது என்று அரசின் தலைமை வழக்கறிஞர் பதில் சொன்னார். ஐந்து நீதிபதிகளில் நான்கு பேர் அரசின் பக்கம் நின்றார்கள். கன்னா மட்டும் மறுத்தார். முறைப்படி அவருக்கு வர வேண்டிய தலைமை நீதிபதி பதவி 1977-ல் அவருக்கு அடுத்த நிலையில் இருந்தவருக்குப் போனது. அவர் ராஜினாமா செய்தார். 44ஆவது திருத்தம் வந்த பிறகு, நெருக்கடி நிலையிலும் உயிர் வாழும் உரிமையை முடக்க முடியாது. பழைய தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 2017-ல் வெளிப்படையாகவே தவறு என்று ஒதுக்கியது. அப்படி எழுதியவர்களில் ஒருவரான டி.ஒய்.சந்திரசூட்டின் தந்தை, 1976-ன் அந்த நால்வரில் ஒருவர்.

படிக்க ஆசை இருக்கிறது. எங்கே தொடங்கலாம்?

அம்பேத்கரின் 1949 நவம்பர் 25 உரையில் தொடங்குங்கள். ஒரே மூச்சில் படித்துவிடலாம். அப்புறம் மில் நூலின் இரண்டாவது அத்தியாயம், அதாவது கருத்துச் சுதந்திரம் பற்றியது. லாக்கின் இரண்டாவது ஆய்வுரையில் கடைசி அத்தியாயத்தை முதலில் படித்தால், மீதியெல்லாம் எதற்காக எழுதினார் என்று தெரிந்துவிடும். பெக்காரியா சிறியது, எளிது. ரூசோவைக் கொஞ்சம் தள்ளி வைக்கலாம். தனியாகப் படிப்பதைவிட வாதாட ஒரு துணை இருக்கும்போது படிப்பது நல்லது.